குடியை நிறுத்த மீட்டிங்குக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. வாசலில் பெரிய போர்டு எல்லாம் இருக்காது. அதனால் தெருவில் தேடிப் பயனில்லை. அதன் இந்தியக் கிளையின் இணையதளத்தில் பார்க்கலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மையத்திலோ ஆலோசகரைக் கேட்டால், பக்கத்துக் கூட்டத்தின் நேரமும் தொடர்பு எண்ணும் அநேகமாகக் கைவசம் வைத்திருப்பார். 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணும் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடமும் நேரமும் மாறுவது சகஜம். பஸ் பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர், பெரும்பாலும் நேரே கடைக்குத்தான் போவார்.

நான் பள்ளி ஆசிரியர். கூட்டத்தில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே?

சாயங்காலம் டாஸ்மாக் வரிசையில் நின்றபோது யாரும் பார்க்கவில்லையா, சார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பள்ளி வகுப்பறையோ சர்ச் ஹாலோ, ஏதோ ஒரு வாடகை இடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் நடத்துவார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளிலிருந்து ஏதாவது வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முழுப்பெயர், வேலை, சாதி எதுவும் சொல்ல வேண்டாம். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். அதில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

அங்கே உங்களைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான். "இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்" என்பது அவர்கள் கட்டுப்பாடு. அது சட்டமல்ல, வழக்கம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசு ஒப்பவில்லை என்றால் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள், அல்லது ஆன்லைன் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதல் நாளே பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரி, இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. இன்று இரவே நிறுத்திவிட்டு நாளை கூட்டத்துக்குப் போகலாமா?

கூடாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், படபடப்பு என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக இறக்கிவிட மருத்துவர்களுக்குத் தெரியும். வைட்டமின் பி1 ஊசியும் தேவைப்படலாம். வலிப்போ உளறலோ வந்துவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மீட்டிங் சிகிச்சை அல்ல. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைத் திரும்பவும் விழாமல் பிடித்துக்கொள்வதில்தான் அதன் பலம். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், குடியை முழுதாக விட்டிருப்பதில் ஏ.ஏ. மற்ற முறைகளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ உதவுகிறது என்றே சொன்னது. ஆக, டாக்டரும் வேண்டும், மீட்டிங்கும் வேண்டும்.

சர்ச் ஹாலில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களா? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்லை.

இடம் மட்டும்தான் சர்ச்சுடையது. 'தன்னைவிட மேலான சக்தி' என்ற பேச்சு வரும். பிரார்த்தனையும் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சக்தி எது என்பது உங்கள் விருப்பம். குழுவையே அப்படி வைத்துக்கொள்கிற நாத்திகர்களும் உண்டு. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் ஆசை.

கணவர் கூட்டத்துக்கு வர மறுக்கிறார். தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே?

வேண்டாம் அம்மா. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைத்தான் சொல்கிறார்கள். அது தெரியாமல் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து.

அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான், குடிப்பவரின் குடும்பத்தாருக்கான குழு. அவரைத் திருத்த அங்கே வழி சொல்ல மாட்டார்கள். அவருக்காகப் பொய் சொல்லி லீவு கேட்பது, கடனை அடைப்பது போன்றவற்றை எப்படி நிறுத்துவது என்று அதே அனுபவத்தில் உழன்ற பெண்களே சொல்வார்கள். வீட்டில் அடிதடி இருந்தால் மட்டும் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ உடனே அழையுங்கள்.

நான்கு மாதம் விட்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டேன். என்ன முகத்தோடு திரும்பப் போவது?

இருக்கிற முகத்தோடு போங்கள். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் ஒரு தடவையாவது இப்படித் திரும்பி வந்தவர்கள்தான், அதனால் யாரும் விசாரணை நடத்தப் போவதில்லை. அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் இன்றே உங்கள் ஸ்பான்சருக்கு, அதாவது குழுவில் உங்களுக்கு வழிகாட்டும் அனுபவமுள்ள உறுப்பினருக்கு, போன் செய்யுங்கள். இன்னும் ஸ்பான்சர் பிடிக்கவில்லை என்றால், நாளைக் கூட்டத்தில் உங்களுக்குக் கூச்சமில்லாமல் பேச வருகிற ஒருவரிடம் நம்பர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு முன் அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.