மூன்று சக்கரம் இருந்தால் கவிழாதா?

நுகர்வோர் கேள்வி-பதில்

வீட்டுப் பெரியவர்களுக்காகப் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டு நெல்லைப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. சிலவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க சைக்கிளில்தான் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்தார். மூட்டுவலி வந்த பிறகு சைக்கிளோடு கீழே சாய்ந்துவிட்டார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இணையத்தில் மின் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று சக்கரம் என்பதால் கவிழாதுதானே? அப்பாவிடம் சொல்லாமல் வாங்கி அனுப்பி அவரை மகிழ்விக்க நினைக்கிறேன்.

பதில்: உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் சொல்லாமல் அனுப்பாதீர்கள். ஓட்டப்போகிறவர் ஏறி உட்கார்ந்து, திருப்பி, நிறுத்திப் பார்க்காத வண்டிக்குப் பணம் கட்டக்கூடாது. மற்றப் பொருள்களில் விட்டுக்கொடுத்தாலும் இந்தப் பொருளில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிற்கும்போது இந்த வண்டி கவிழாது என்பது உண்மை. ஏறவும் இறங்கவும் அவசரப்பட வேண்டாம். வழியில் யாரிடமாவது நின்று பேச வேண்டுமென்றால் காலை ஊன்றாமல் அப்படியே உட்கார்ந்து பேசலாம். மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய நிம்மதி.

வளைவில் நிலைமை வேறு. இரண்டு சக்கர சைக்கிளில் திரும்பும்போது வண்டியும் நாமும் திரும்பும் பக்கமாகச் சாய்கிறோம். மூன்று சக்கர வண்டி அப்படிச் சாயாது. வேகமாகத் திருப்பினால் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும், உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும், அதற்கு மேலும் வேகம் இருந்தால் வண்டி கவிழும். இதில் உங்கள் அப்பாவின் நீண்ட பழக்கமே அவருக்கு எதிராக வேலை செய்யும். சைக்கிள் பழகிய உடம்பு தன்னையறியாமல் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். வண்டி சாயாதபோது கை தடுமாறும். அதனால் வளைவுக்கு முன்பே நடைவேகத்துக்குக் குறைத்துவிட்டுத் திருப்ப வேண்டும். உடம்பை மட்டும் உட்பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். பாலத்து இறக்கத்திலோ, கால்வாய்க் கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்திலோ இறங்கிக்கொண்டே திருப்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

மழைநீர் வடிவதற்காக நம் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரங்களில் சரித்துப் போடுகிறார்கள். இரண்டு சக்கரத்தில் அந்தச் சரிவு தெரியவே தெரியாது. மூன்று சக்கர வண்டி சாலையோடு சேர்ந்து தானும் சரிந்து ஓரத்துக்கு இழுக்கும். ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கமாக லேசாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால் என்று போகும் உங்கள் ஊர்ச் சாலைகளில் இந்த இழுப்பைப் பழகாமல் தனியே அனுப்ப வேண்டாம். சாலைக் குழிகளும் அப்படித்தான். முன்சக்கரத்தைக் குழிக்குத் தப்பவிட்டால் பின்சக்கரங்களில் ஒன்று அதில் இறங்கும்.

இன்னொன்று, கால். பயம் வந்தவுடன் காலைத் தரையில் ஊன்றுவது சைக்கிள்காரரின் பழக்கம். வண்டி ஓடும்போது காலை ஊன்றினால் பின்னால் வரும் சக்கரம் குதிகாலில் ஏறிவிடும். நிறுத்துவது பிரேக்கின் வேலை, காலின் வேலை அல்ல என்பதை முதல் நாளே மனத்தில் பதிய வைக்க வேண்டும். அப்பாவுக்கு சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் மூடிய செருப்போ ஷூவோ அவசியம்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாசலில் ஒரு சுற்று போதாது. வலது, இடது இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொட வேண்டும், காலைத் தூக்கிப் போடாமல் ஏறும்படி நடுக்கம்பி தாழ்வாக இருக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். பிரேக்கைப் பிடித்த நிலையில் பூட்டிவைக்கும் வசதியும் தேவை, இல்லாவிட்டால் சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருளும். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பாயும் வண்டியை ஒதுக்கிவிட்டு, மெல்லக் கிளம்பும் வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசல் கேட்டின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். பின்பக்கம் முக்கால் மீட்டர் அகலமுள்ள வண்டி பழைய வீட்டு நடைவாசலில் நுழையாமல் போகலாம். இரவெல்லாம் தெருவில் நிற்கும் வண்டியின் பேட்டரி எத்தனை நாள் இருக்கும்?

கேள்வி: எனக்கு வயது 68, ஊர் பாளையங்கோட்டை. "லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். "வேகம் போதவில்லை என்றால் ஒரு வயரைக் கழற்றிவிடுகிறேன், 40 கிலோமீட்டர் போகும்" என்றும் சொல்கிறார். சரியா?

பதில்: முதலில் சொன்னது சரியாக இருக்கலாம். இரண்டாவதாகச் சொன்னதைச் செய்தால் முதலாவது பொய்யாகிவிடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருக்கிறது என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் உறுதி செய்திருந்தால் மட்டுமே அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ-கேட் போன்றவை அத்தகைய நிறுவனங்கள். மோட்டாரில் ஒட்டிய ஸ்டிக்கரும் கடைக்காரரின் வாய்வார்த்தையும் சான்றாகாது. சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள மாடல் பெயரும் பில்லில் எழுதும் மாடல் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

வயரைக் கழற்றிய கணமே உங்கள் வண்டி பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய். அபராதம்கூடச் சிறிது, யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து போகும். வேகம் இரு மடங்கானால் வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 கிலோமீட்டரில் அமைதியாகத் திரும்பிய இடத்தில் 40 கிலோமீட்டரில் கவிழ்வீர்கள். வயதானவரிடம் இப்படி ஒரு சலுகையைச் சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லாத வண்டியாக இருந்தாலும் அணியுங்கள்.

கேள்வி: ஒரே வண்டி, லெட் ஆசிட் பேட்டரியோடு ஒரு விலை, லித்தியம் என்றால் பதினைந்தாயிரம் ரூபாய் அதிகம். எதை வாங்குவது? — வீரவநல்லூர் வாசகர்

பதில்: தினமும் ஓட்டுவீர்கள் என்றால் லித்தியம். அதிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். லெட் ஆசிட் சில நூறு முறையிலேயே தளர்ந்துவிடும், அதாவது இரண்டு வருடத்துக்குள் இன்னொரு செலவு. எடையும் முக்கியம். 48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி பேட்டரி லெட் ஆசிட்டில் 30 கிலோ அளவுக்கு வரும். அதை வயதானவர் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. லித்தியத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்கு மட்டும் என்றால் லெட் ஆசிட் போதும். ஆனால் ஓட்டாவிட்டாலும் அதை அவ்வப்போது சார்ஜ் செய்துகொண்டிருக்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத்தில் பார்க்காதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 48ஐ 24ஆல் பெருக்கினால் 1,152 வாட்-மணி, ஏறக்குறைய 1.15 யூனிட் மின்சாரம். ஆளும் சாமானும் ஏற்றிய மூன்று சக்கர வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி என்று வைத்தால் 40 கிலோமீட்டர். இதே பேட்டரிக்கு 80 என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். மின்கட்டணம் கவலைப்படும் அளவுக்கு வராது.

மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பின்னால் லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். அந்த மாற்று பேட்டரியின் விலையை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வண்டியின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

சார்ஜ் போடும் இடம் மாடிப்படியின் அடியிலோ, படுக்கை அறையிலோ, வெளியேறும் ஒரே வாசலிலோ இருக்கக்கூடாது. எர்த் உள்ள பிளக், வண்டியோடு வந்த சார்ஜர், வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரம். வெயிலில் ஓட்டி வந்தவுடன் போடாமல் பேட்டரி ஆறட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி இனியும் வரலாம். தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரியைக் காயவைத்து சார்ஜ் செய்ய முயலவே கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள்களுக்குத் தள்ளி வைத்துவிட்டு நிறுவனத்தை அழையுங்கள்.

கேள்வி: வண்டிக்கு மேற்கூரை போட்டுக்கொள்ளலாமா? — பணகுடி வாசகர்

பதில்: உங்கள் ஊரில் வேண்டாம். ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் உங்கள் ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் கூரை பாய்மரமாகிவிடும். தொப்பியும் பருத்தித் துண்டும் போதும். வெயில் ஏறுமுன் போய்வாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்காக வாங்கி இருபது நாளில் பின் அச்சு அருகே வெல்டிங் விட்டுவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது என்கிறார் கடைக்காரர். கம்பெனி வெளிமாநிலத்தில் இருக்கிறது. என்ன செய்வது? — மேலப்பாளையம் வாசகர்

பதில்: அந்த அச்சடித்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே வகைதான். இருபது நாள்தான் ஆகிறது என்பதால் இன்றே செயல்படுங்கள்.

வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். முறிந்த இடத்தைப் புகைப்படம், வீடியோ எடுங்கள். தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள், ஆதாரம் போய்விடும். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, வண்டியை மாற்ற வேண்டுமா பணம் திரும்ப வேண்டுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். விரைவு அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அசையவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கும் ஒரு சொல். இணைய வணிக விதிகள் 2020-இன்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 66 வயது. சின்ன வயதில் சைக்கிள் ஓட்ட வீட்டில் விடவில்லை. இப்போது மகன் மூன்று சக்கர மின்சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறான். இந்த வயதில் என்னால் முடியுமா? — கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: முடியும் அம்மா. சைக்கிள் தெரியாதது இங்கே ஒரு வசதிகூட. மறக்க வேண்டிய பழக்கம் உங்களிடம் எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆட்டோவுக்கும் மகனுக்கும் காத்திராமல் சந்தைக்கும் தோழி வீட்டுக்கும் நினைத்தபோது போய்வருவது உங்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது.

முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள், புரை இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். தூக்க மாத்திரையோ, தலைசுற்றல் தரும் இரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பள்ளி விடுமுறை நாளில், அனுமதி வாங்கிக்கொண்டு, பள்ளி மைதானத்தில் பழகலாம். தொடக்கத்தில் வேகத்தை மிகக் குறைந்த நிலையிலேயே வைத்து, நிறுத்துவதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அது கைவந்த பிறகு வட்டம், அதற்குப் பிறகு எட்டு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் கை வலிக்கும், வண்டியும் அலையும்.

புடவைதான் எனக்குக் கவலை. முந்தானை பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும். முந்தானையை இடுப்பில் செருகி ஊசி குத்துங்கள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் வலைத் தடுப்பும், செயினுக்கு முழு மூடியும் போட்டுத் தரச் சொல்லி வண்டியை எடுக்கும் நாளிலேயே கேளுங்கள். சாமான் கூடையில் கனமானதை அடியில் வையுங்கள், தண்ணீர்க் குடத்தை மேலே நிறுத்த வேண்டாம். பேரன் பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்பான். ஓர் ஆளுக்கான வண்டியில் அவனை ஏற்றாதீர்கள். எடை உயர ஏறினால் வளைவில் கவிழ்வது எளிது, 250 வாட் மோட்டார் ஆற்றுப்பாலத்து ஏற்றத்திலும் திணறும்.

மோட்டாரை மட்டும் நம்பாமல் சமதரையில் பெடலையும் மிதியுங்கள், முழங்காலுக்கு நல்லது. அம்பாசமுத்திரம் போக வேண்டுமென்றால் பஸ் நெரிசல் இல்லாத காலை நேரத்தில் போங்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். தாமதமானால் பின்விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.