இதயத்துக்கு ஸ்டெம் செல்: நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். ஸ்டெம் செல் ஊசிக்குச் சில லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?
– அம்பாசமுத்திரம்

பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இதயத்துக்கு ஸ்டெம் செல்லை (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரிய மாரடைப்பில் 100 கோடித் தசைச் செல்கள் வரை இறக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துச் செலுத்தும் செல்கள் இதயத் தசையாக மாறுவதில்லை. பெரும்பாலானவை சில நாளிலேயே மறைந்துவிடும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இதயப் பிரிவில் அப்பாவின் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் எல்லாம் அதில் இருக்கின்றனவா, அளவு போதுமா என்று கேளுங்கள். பம்பிங் கூடுவதற்கு இன்று கையில் இருக்கும் முக்கிய வழி அதுதான்.

ஐ.பி.எஸ். செல்களை (தோல், ரத்தச் செல்களை எதுவாகவும் மாறும் நிலைக்குத் திருப்பியவை) இதயச் செல்லாக மாற்றப் பார்க்கிறேன். 12-ம் நாளாகியும் துடிப்பே இல்லை.
– ஆய்வு மாணவி, அபிஷேகப்பட்டி

முதலில் அடர்த்தியைப் பாருங்கள். வின்ட் என்னும் செல் சமிக்ஞையைத் தூண்டும் சி.ஹெச்.ஐ.ஆர்.99021 மருந்தைச் சேர்க்கும் நாளில் (0-ம் நாள்) தட்டு 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் மருந்தின் நச்சுக்குச் செல்கள் கொத்துக் கொத்தாகச் சாகும். செல் வரிசைக்கு வரிசை அளவு மாறும். அதனால் 12 குழித் தட்டில் 6, 8, 10, 12 மைக்ரோமோலார் எனப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் செல் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றிவிடுங்கள். அப்போது கொஞ்சம் செல்கள் மிதப்பது இயல்பு. 3-ம் நாள் வின்ட்டை அடக்கும் ஐ.டபிள்யூ.பி.2, 5 மைக்ரோமோலார், இரண்டு நாளுக்கு. கருவிலும் வின்ட் சமிக்ஞை முதலில் ஏறி நடுப்படலத்தை (தசையும் இதயமும் உருவாகும் கருவின் நடு அடுக்கு) உண்டாக்கி, பிறகு இறங்கினால்தான் இதயம் உருவாகும். நாம் செய்வது அதே வரிசைதான். இன்னொரு வழக்கமான தவறு இன்சுலின். 7-ம் நாள் வரை இன்சுலின் இல்லாத பி27 ஊட்டக் கலவை மட்டுமே. செல் வளர்ப்பில் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிருக்கான சோதனையும் செய்துவிடுங்கள். துடிப்பு வந்த பிறகு குளுக்கோஸை எடுத்துவிட்டு 4 மில்லிமோலார் லாக்டேட் கொடுத்தால், அதைத் தின்று வாழத் தெரிந்த இதயச் செல்களே மிஞ்சும்.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பிள்ளைக்குப் பின்னாளில் இதயநோய்க்கு உதவுமா?
– தென்காசி

உதவாது. அதில் இருப்பது ரத்தம் உண்டாக்கும் செல்.

தட்டில் துடிக்கும் செல்லை அப்படியே இதயத்தில் வைத்தால் என்ன?
– வள்ளியூர்

குரங்குகளிலும் பன்றிகளிலும் வைத்துப் பார்த்தார்கள். செல்கள் ஒட்டின, ஆனால் முதிராத செல்கள் தாமாகவே துடிப்பைத் தொடங்குவதால் சில வாரங்களுக்கு ஆபத்தான தாளக்கோளாறு வந்தது. மாறாத ஐ.பி.எஸ். செல் மிச்சமிருந்தால் கட்டியாகலாம். பிறர் செல் என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையும் வேண்டும். ஜெர்மனியில் தசைத் துண்டாகவே வளர்த்து இதயத்தின் மேல் தைத்துப் பார்க்கிறார்கள். ஒரு நோயாளியில் அது ஒட்டி வளர்ந்ததை 2025-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளில் சோதனை இன்னும் நடக்கிறது.