பத்து வருடம் கோட் எழுதியதில் கையில் மிஞ்சியது என்ன? – வாசகர் கேள்விகள்

சென்ற மாதப் பகுதியின் கடைசியில், இந்த ஒக்டோபரோடு நான் மென்பொருள் வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வழமையாக லெப்டொப் சூடாகிறது, போனில் இடமில்லை என்று எழுதுகிறவர்கள்கூட இந்த முறை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க அதுவே.

அக்கா, நான் கிண்ணியா. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சாப்ட்வெயர் பக்கம் போக ஆசை. முதல் வேலையில் உங்களுக்கு என்ன செய்யத் தந்தார்கள்?

தம்பி, எனக்கு முதலில் தந்தது ஒரு பெட்டி. படிவத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுதும் பெட்டி.

நான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தது 2015 ஒக்டோபரில். 2016 ஜனவரியிலிருந்து புதிய அடையாள அட்டைகளுக்கு 12 இலக்கம் வந்தது. அதுவரை 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் அங்கத்தவர் பதிவு, அதில் அந்தப் பெட்டி 10 எழுத்துக்கு மேல் ஏற்காது. "பெட்டியைப் பெரிசாக்கு, இரண்டு நாள் வேலை" என்று தந்தார்கள். ஆறு கிழமை எடுத்தது. அந்த இலக்கம் ரசீதில் இருந்தது, மாத அறிக்கையில் இருந்தது, வேறொரு நிறுவனத்துக்கு ஒவ்வொரு இரவும் போகும் கோப்பிலும் இருந்தது, எல்லா இடத்திலும் யாரோ 10 என்று எழுதி வைத்திருந்தார்கள். பழைய இலக்கத்தோடு பதிந்த ஒருவர் புது அட்டை எடுத்துக்கொண்டு வந்தால் அவரை இன்னொரு ஆளாகப் பதிந்துவிடும். அதையும் பார்க்க வேண்டியிருந்தது.

அதோடு, இலக்கத்திலிருந்தே பிறந்த திகதியை எடுத்துக் காட்டலாமே என்று நானாகவே ஒரு வேலையையும் சேர்த்துக்கொண்டேன். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். ஆனால் நான் கேட்காத ஒன்று இருந்தது: அந்த நாள் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் வருடமோ இல்லையோ, மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள்தான். நான் கலண்டரில் உள்ளபடி எண்ணியிருந்தேன். விளைவு, லீப் இல்லாத வருடங்களில் மார்ச் முதலாம் திகதியும் அதற்குப் பிறகும் பிறந்த அத்தனை பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் ஒரு நாள் பிந்திப் போனது.

பிழையைக் கண்டுபிடித்தது எங்கள் டீமில் ஒருவருமில்லை. அந்த நிறுவனத்தில் கவுண்டரில் இருபது வருடமாக வேலை செய்த ஓர் அம்மா. "பிள்ளை, உன் சொந்த அட்டையைப் போட்டுப் பார்த்தாயா?" என்று போனில் கேட்டார். நான் 1991 ஓகஸ்ட் 14. என் அட்டை 91727 என்று தொடங்கும். போட்டுப் பார்த்தேன், ஓகஸ்ட் 15 என்று வந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இப்போதும் நன்றியோடுதான் நினைக்கிறேன். கம்பஸில் நாலு வருடம் படித்ததில் அந்தக் கேள்வி இல்லை.

எந்த லாங்குவேஜ் படித்தால் நல்லது? (இதையே பதினொரு பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

பைதன் அல்லது ஜாவாஸ்கிரிப்ட், எதில் உங்களுக்குப் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். இதில் அதிக நேரம் யோசிக்க வேண்டாம்.

நான் உயிரைக் கொடுத்துப் படித்தது அங்கியூலர் ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டில் இணையப் பக்கங்கள் செய்ய உதவும் ஒரு கருவித்தொகுப்பு. 2016 செப்டம்பரில் அங்கியூலர் 2 வந்தது, பெயர் மட்டும்தான் ஒன்று, பழையதை அப்படியே தூக்கிப் போட முடியாது. 2021 கடைசியோடு பழையதற்கான ஆதரவையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நான் அதே வேலைக்கான இன்னொன்றான ரியாக்டுக்கு மாறியிருந்தேன். ஒரே கடன் விண்ணப்பப் படிவத்தை இந்தப் பத்து வருடத்தில் மூன்று முறை, மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். அதே காலத்தில், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் பெரிதாக மாறவில்லை, அது 1970களில் வந்தது. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் 2005இல் வந்தது, அதுவும் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் ஆழமாகப் படித்து வைத்தால் எந்தக் கொம்பனிக்குப் போனாலும் கை கொடுக்கும்.

நான் உப்புவெளி. கொழும்பில் மூன்று வருடம் டெவலப்பராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வரலாமா என்று யோசிக்கிறேன். இங்கே இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள்.

முடியும். நான் ஐந்தரை வருடமாகச் செய்கிறேன். ஆனால் நான் யோசித்து முடிவெடுத்து வந்தவள் இல்லை, 2020 மார்ச் 20 நாடு முழுக்க ஊரடங்கு போடுவதற்கு இரண்டு நாள் முன்னர் ஒரு பையோடு பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து இறங்கினேன், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றுதான் நினைப்பு. அதற்கு முன் நாலரை வருடமாக வெள்ளி இரவு கொழும்புக் கோட்டையில் மெயில் ரயில் ஏறி, கல்ஓயா சந்தியில் அரைத்தூக்கத்தில் எழும்பிப் பார்த்து, சனி விடிய வந்து இறங்கி, ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திய பிறகுதான் உடம்பு எவ்வளவு களைத்திருந்தது என்று விளங்கியது.

கஷ்டமான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. வீட்டில் பற்றரி வைத்து ரௌட்டரை ஓட்டினாலும் டவரின் பற்றரி இறங்கியதும் சிக்னல் போய்விடும். அப்போது நான் லண்டனில் உள்ள ஒரு டீமோடு வேலை செய்யத் தொடங்கிப் புதிது. எந்த நேரம் கரண்ட் வரும் என்று அட்டவணையைப் பார்த்து, கூட்டங்களை அதற்குள் அடக்கி, மிச்ச நேரத்தில் பேப்பரில் எழுதி வைத்து, கரண்ட் வந்ததும் அடித்து முடிப்பேன். பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே போனில் கோட் வாசித்துக் கருத்து எழுதியிருக்கிறேன். 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. வெளிநாட்டுச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அது தாங்கியது, ரூபாவில் வாங்கிய என் நண்பர்கள் பலர் அந்த வருடமே நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நேர வித்தியாசத்தால் நன்மையும் உண்டு. லண்டனில் காலை 9.30 கூட்டம் எனக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 3 மணி, அவர்களின் கோடைகாலத்தில் 2 மணி. காலை முழுக்க யாருடைய தொந்தரவும் இல்லாமல் எழுதலாம். மாலையில் டச் பே கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து மிச்சத்தைப் பார்ப்பேன், வழியில் மான்கள் மதிலோரம் படுத்திருக்கும்.

நேரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வந்தால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. எங்கள் மென்பொருளில் இலங்கையில் பிறந்த சிலரின் பிறந்த திகதி மட்டும் ஒரு நாள் முந்திக் காட்டியது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். லண்டனில் இருந்த மிகத் திறமையான ஒருவர் இரண்டு நாள் தேடினார், கிடைக்கவில்லை. நான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். எல்லோரும் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள். சின்ன வயதில் வீட்டில் பெரியவர்கள் "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுக்கொண்டது உடனே காதில் கேட்டது. மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக 1996 மே மாதம் எங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னுக்கு எடுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னுக்கு என்ற கணக்குக்கு வந்தது. எங்கள் புரோகிராம் பிறந்த நாளை நள்ளிரவு 12 மணி என்று சேமித்து, எடுக்கும்போது எப்போதும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று கணக்குப் போட்டது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களின் நள்ளிரவு முதல் நாள் இரவு 11 அல்லது 11.30 ஆகிவிட்டது. பிறந்த திகதிக்கு நேரமே வேண்டாம், திகதியாக மட்டும் வையுங்கள் என்று மாற்றினோம். அன்றைக்கு அவர்கள் எனக்குச் சொன்ன நன்றி, நான் பிறந்து வளர்ந்த இடத்தால் கிடைத்தது என்றே எடுத்துக்கொண்டேன். வாருங்கள், ஆனால் ஆறு மாதச் செலவுக்குக் காசு கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

நான் திருகோணமலை நகரில் அச்சகம் வைத்திருக்கிறேன். 25 வருடமாகப் பாமினியில் தட்டுகிறேன். அங்கத்தவர் பட்டியலை ஒரு சங்கத்துக்கு அனுப்பினால் அவர்கள் கம்பியூட்டரில் ஏதோ ஆங்கில எழுத்தாக வருகிறது என்கிறார்கள். தமிழ் என்றால் ஏன் இவ்வளவு சிக்கல்?

ஐயா, உங்கள் கேள்விக்கு ஒரு முழுப் பகுதியே எழுதலாம், எனக்கு மிகவும் பிடித்த விடயம் இது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் உள்ளே சேமிப்பது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது உங்கள் கம்பியூட்டரில் உள்ள பாமினி எழுத்துரு. அது இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். யூனிகோடில் அப்படியில்லை, ககரத்துக்கென்றே ஓர் இலக்கம் உண்டு, உலகில் எந்தக் கம்பியூட்டரிலும் அது ககரம்தான். உங்கள் பழைய கோப்புகளை மாற்றித்தரக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசித்துப் பாருங்கள், பெயர்களை மட்டுமாவது.

யூனிகோடுக்கு வந்தாலும் எங்களுக்கு வேலை முடியாது. 'கோணேஸ்வரி' என்ற பெயரில் நீங்களும் நானும் பார்ப்பது ஐந்து எழுத்து, கம்பியூட்டர் எண்ணுவது ஒன்பது. 'கொ' என்பதை ஒரே கொம்பு-கால் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'ஸ்ரீ'யிலும் இதே கதை, அதை இரண்டு விதமாக எழுத வழி இருக்கிறது. கடைசியாக, எஸ்எம்எஸ் கணக்கு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. இதனால் செலவு கூடுகிறது என்று சொல்லி ஒரு இடத்தில் தமிழ்ச் செய்தியை நிறுத்தப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியையும் 70க்குள் சுருக்கி எழுதிக் கொடுத்தேன், தமிழ் நிலைத்தது. இந்தப் பத்து வருடத்தில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

என் மகள் கொழும்பில் இரண்டு வருடமாக இந்த வேலைதான். ஒவ்வொரு நாளும் இரவு பதினொரு மணி ஆகிறது. பழகப் பழகச் சரியாகும் என்கிறாள். சரியாகுமா? – ஒரு தாய், மூதூர்

அம்மா, சரியாகாது. ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பை வெளியிடுவது, வரும் கிழமை பிந்துவது எல்லா இடத்திலும் நடக்கும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் என்றால் அங்கே ஆள் போதாது, அந்தக் குறையை உங்கள் மகளின் நித்திரையால் நிரப்புகிறார்கள்.

2017இல் என் அம்மம்மா படுக்கையில் இருந்தார். லீவு தர மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. "இந்த ரிலீஸ் மட்டும் முடியட்டும்" என்றார்கள், நானும் சரி என்றேன். அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்தேன். அவ்வளவு அவசரமாகச் செய்த அந்த வசதியை மூன்று மாதத்தில் யாரும் பாவிக்கவில்லை என்று எடுத்துவிட்டார்கள். இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. உங்கள் மகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இரண்டு வருட அனுபவத்தோடு வேறு இடம் தேடுவது கஷ்டமில்லை, இருக்கும் வேலையை விடாமலே தேடலாம்.

நான் கோணேசபுரி வளாகத்தில் கடைசி வருடம். ஏஐ எல்லாக் கோடையும் எழுதுகிறது. நாங்கள் வெளியே வரும்போது வேலை இருக்குமா?

தங்கச்சி, சட்ஜிபிடி வந்த 2022 நவம்பர் கடைசியிலிருந்து நானும் இதைத்தான் யோசிக்கிறேன், உங்களுக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் தந்தது போன்ற சின்ன வேலைகளை இப்போது அதனிடம்தான் கொடுக்கிறோம், நானும் ஒவ்வொரு நாளும் பாவிக்கிறேன். முதல் வேலை கிடைப்பது உங்களுக்கு எனக்கிருந்ததைவிடக் கஷ்டம்.

ஆனால் போன மாதம் ஒரு சோதனை செய்தேன். பழைய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதித் தா என்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் தந்தது, அழகாக இருந்தது, பெண்களுக்கு 500 கழிப்பதுகூட இருந்தது. என் அட்டையைப் போட்டேன். ஓகஸ்ட் 15.

அதனால் உங்கள் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு இணையத்தில் தலைப்புத் தேட வேண்டாம். பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ மீனவர் சங்கத்திலோ கேட்டு ஒரு கிழமை கவுண்டருக்குப் பின்னால் இருங்கள். அவர்கள் சீ.ஆர். கொப்பியில் எழுதுவதைப் பாருங்கள், ஓரத்தில் பென்சிலால் எதையாவது குறித்திருந்தால் அது ஏன் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி எனக்கு அனுப்புங்கள், நான் வாசித்துப் பதில் போடுகிறேன்.