காணோமே என்று கேட்க ஒருவர்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் ஐவர் மாலைதோறும் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். மனிதனுக்கு வாழ்க்கையில் மிகவும் தேவையானது எது என்ற பேச்சு சென்ற வாரம் எழுந்தது. ஒருவர் உடல்நலம் என்றார்; ஒருவர் பணம் என்றார்; இன்னொருவர் மன நிம்மதி என்றார்; நான்காமவர் கடவுள் நம்பிக்கை என்றார். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. தீர்ப்பை உங்களிடம் விடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மழுப்பாமல் ஒரே ஒரு விடை சொல்லுங்கள்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: மழுப்பக் கூடாது என்று சொல்லி, நான் ஓடி ஒளிய வைத்திருந்த கதவை முதலிலேயே அடைத்துவிட்டீர்கள். 'அது அவரவர் நிலையைப் பொறுத்தது' என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த விடையில் பிழை ஏதுமில்லை. அதனால் பயனும் ஏதுமில்லை.

உடலைக் கேட்டால் கணக்கு எளிது. காற்று இல்லாமல் சில நிமிடங்கள், நீர் இல்லாமல் சில நாள்கள், உணவு இல்லாமல் சில வாரங்கள். அதற்கு மேல் தாங்காது. ஆனால் நீங்கள் கேட்டது உயிரோடு இருப்பதைப் பற்றியன்று, வாழ்வதைப் பற்றி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை உலக நாடுகள் ஓரிடத்தில் அளந்தே வைத்திருக்கின்றன. நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கும் சிறை விதிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பதே தனிமைச் சிறை என்று வரையறுக்கும் அவ்விதிகள், அது தொடர்ந்து 15 நாள்களைத் தாண்டுவதை அறவே தடை செய்கின்றன. அந்த அறையில் உணவு உண்டு, கூரை உண்டு, படுக்க இடமும் உண்டு. உடல் கேட்பது எதுவும் குறையவில்லை. ஆயினும் பதினாறாம் நாள் அது தண்டனை என்ற பெயரைக்கூட இழந்து வெறும் கொடுமையாகிவிடுகிறது.

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளின் முன் இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது. மற்றொன்று மென்மையான துணி போர்த்தியது. பால் புட்டியைக் கம்பித் தாயிடம் பொருத்தியபோதும், குட்டிகள் பசித்த நேரத்தில் அங்கே போய்க் குடித்துவிட்டு, உடனே திரும்பி வந்து துணித் தாயைக் கட்டிக்கொண்டே நாளின் பெரும்பகுதியைக் கழித்தன. இரக்கமற்ற சோதனை அது. இன்று எவரும் அதை எளிதில் அனுமதிக்க மாட்டார்கள். என்றாலும், பால் கொடுப்பதனால்தான் குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்கிறது என்று அந்நாளில் பல அறிஞர்கள் கொண்டிருந்த கொள்கையை அது ஆட்டங்காணச் செய்தது.

இனி என் விடை. மனிதனுக்கு மிகவும் தேவை, அவன் வராத நாளில் 'எங்கே காணோமே' என்று கேட்கும் ஒருவர். அன்பு என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அது பெரிய சொல், ஆளுக்கொரு பொருள் தரும். காணோமே என்பது சின்னச் சொல், அதில் ஏமாற்ற முடியாது. ஒருவர் அதைக் கேட்க வேண்டுமானால், நாம் இருக்கும் இடம் எது என்பது அவர் மனத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

காலை நடைப்பயிற்சியில் எதிர்ப்படும் முதியவர் ஒருவர் எனக்குத் தெரியும். தெரியும் என்றா சொன்னேன்? பெயர்கூடத் தெரியாது; தலையசைப்போடு சரி. ஒரு முறை காய்ச்சலில் படுத்துவிட்டு மீண்டும் நடக்கப் போனபோது, அவர் நின்று, ஒரு கையின் ஐந்து விரல்களையும் மறுகையின் நான்கு விரல்களையும் காட்டினார். ஒன்பது நாள். வீட்டில் எனக்குக் கஷாயமும் மாத்திரையும் கொடுத்தவர்களே அந்தக் கணக்கை வைத்திருக்கவில்லை. அன்று முழுவதும் எனக்கு ஏன் அவ்வளவு தெம்பாக இருந்தது என்பதை யோசித்ததன் விளைவே இந்தப் பதில்.

இது என் அனுபவம் மட்டுமன்று. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1938-ஆம் ஆண்டில் தொடங்கி, இரண்டு குழுக்களைச் சேர்ந்த 724 ஆண்களின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு குழு அப்பல்கலைக்கழக மாணவர்கள், மற்றொன்று பாஸ்டன் நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த சிறுவர்கள். முதுமையில் யார் நலமாக இருந்தார்கள் என்று பார்த்தபோது, நெருங்கிய உறவுகளின் தரமே எல்லாவற்றையும்விட அழுத்தமாக வெளிப்பட்டது. 2010-இல் வெளியான மற்றொரு ஆய்வு, அதற்கு முன் நடந்த 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தது. உறவுகள் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. நோயுற்றவர்களால் உறவுகளைப் பேண முடியாமற்போவதும் உண்டு. ஆகவே எது காரணம், எது விளைவு என்பதில் கவனம் வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது குறைவன்று.

நீங்கள் ஆசிரியர் என்பதால், தேவைகளை அடுக்கடுக்காகக் காட்டும் அந்தப் பிரமிடு உங்கள் நினைவுக்கு வந்திருக்கும்: கீழே உணவு, அதன்மேல் பாதுகாப்பு, அதன்மேல் உறவு, மதிப்பு, உச்சியில் தன் ஆற்றலை முழுதாக வெளிக்கொணர்தல். இந்த வரிசையைச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு கிடையாது. அது பிற்காலத்தவர் வரைந்த படம். இந்த வரிசை கல்லில் எழுதியதன்று என்றும் அவரே அதில் சொல்லியிருக்கிறார். கீழ்த்தட்டு நிரம்பிய பிறகுதான் மனிதன் மனிதனைத் தேடுவான் என்று நினைப்பவர்கள், பட்டினியிலும் தன் பங்கைப் பிள்ளைக்குத் தள்ளிவைக்கும் தாயைப் பார்த்ததில்லை போலும்.

உங்கள் நண்பர்களுக்குச் சுருக்கமாக. உடல்நலம் போன பிறகும் வாழ வேண்டியிருக்கிறது. அப்போது எது தேவை என்பதுதான் கேள்வி. மன நிம்மதி ஒரு தேவையன்று, தேவைகள் நிறைவேறியதன் அடையாளம். கடவுள் நம்பிக்கை உடையவரைக் கேட்டுப் பாருங்கள். யாருமற்ற நேரத்திலும் தன்னைக் கவனிக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதையே அவர் வேறு சொற்களில் சொல்வார். பணத்துக்கு அடுத்த கடிதத்தில் வருகிறேன்.

கேள்வி: பணம் முக்கியமன்று என்று எழுதுபவர்கள் அனைவரும் பணம் உள்ளவர்கள். நீங்களும் அப்படித்தான் எழுதப்போகிறீர்களா?
— கடன் தவணை கட்டும் இளைஞர்

பதில்: இல்லை. வறுமை வயிற்றை மட்டும் வாட்டுவதில்லை, மனிதர்களையும் பறித்துக்கொள்கிறது. கையில் காசில்லாதவன் முதலில் நிறுத்துவது நண்பர்களைப் பார்க்கப் போவதைத்தான். கடன் கொடுத்தவரின் அழைப்புக்கு அஞ்சித் தொலைபேசியை அணைத்து வைப்பவனுக்கு, நலம் விசாரிக்க வந்த அழைப்பும் கிடைக்காது.

அறிஞர்களும் இதில் ஒரு முறை தடுமாறித் தெளிந்தார்கள். ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி மேலும் கூடுவதில்லை என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் எழுதினார்கள். கூடிக்கொண்டேதான் போகிறது என்று மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021-இல் மறுத்தார். பிறகு கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், பார்பரா மெல்லர்ஸை நடுவராகக் கொண்டு, ஒரே மேசையில் அமர்ந்து தரவுகளைப் பிரித்துப் பார்த்து, 2023-இல் சேர்ந்தே முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடவே செய்கிறது. மிகவும் துயருற்றிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் எல்லைக்குப் பிறகு அது நின்றுவிடுகிறது. காதல் முறிவு, நெருங்கியவரின் மரணம், மனச்சோர்வு நோய் போன்றவற்றைப் பணம் தொடுவதில்லை போலும். ஆகவே, தவணையை முதலில் கட்டி முடியுங்கள். ஆனால் அதுவரை நண்பர்களிடம் உண்மை நிலையைச் சொல்லி வையுங்கள். கடனைவிட அதை மறைப்பதுதான் ஆளைத் தனிமைப்படுத்துகிறது.

கேள்வி: நான் தனியாக வாழ்கிறேன், விரும்பியே வாழ்கிறேன். எனக்கு ஏதோ குறை இருப்பதாகவே எல்லோரும் பேசுகிறார்கள். குறை இருக்கிறதா?
— ஒரு வாசகி

பதில்: தனித்திருப்பது வேறு, தனிமைப்படுவது வேறு, நிறைந்த வீட்டிலும் தனிமைப்பட்டவர்கள் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, நேரில் ஒரு முறையும் கண்டிராத பிசிராந்தையார் வருவார் என்று சொல்லி, அவருக்கும் தன் அருகில் இடம் ஒதுக்கச் சொன்னதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. அவ்வளவு தொலைவில் இருப்பவர் வருவாரா என்று உடனிருந்தோர் ஐயுற்றார்கள். அவர் வந்தார். முகமே அறியாத இருவருக்கு நடுவில் அவ்வளவு உறுதி இருந்திருக்கிறது. உங்களுக்கென்று எங்காவது ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருக்கிறதென்றால், ஊரார் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 78. பிள்ளைகள் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு தம்ளரைக்கூடக் கழுவ விடுவதில்லை. 'நீங்கள் சும்மா உட்காருங்கள் அம்மா' என்பதுதான் காலை முதல் இரவு வரை நான் கேட்கும் பேச்சு. ஒரு குறையுமில்லை, ஆனாலும் பொழுது போக மறுக்கிறது. இதைக் குறையென்று சொல்வது நன்றி கெட்டதனமா?
— ஒரு தாய்

பதில்: இல்லை அம்மா. உங்கள் கடிதம்தான் முதல் பதிலில் நான் விட்ட பாதியை நிரப்புகிறது. நம்மை ஒருவர் கவனித்துக்கொண்டால் மட்டும் போதாது. நாம் இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று நின்றுபோகவும் வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வை எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976-இல் வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாளில் படம் பார்ப்பது என்பவற்றையும் அவர்களிடமே விட்டார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் செவிலியர் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் காணப்பட்டார்கள். அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகவும் பின்னர் சொல்லப்பட்டது; அந்தக் கணக்கில் பிழை இருந்து திருத்தப்பட்டதால் அதை நான் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாம் தளம். அங்கும் செடி வாடவில்லை, யாரும் யாரையும் புறக்கணிக்கவில்லை. 'நீங்கள் சும்மா இருங்கள், நாங்கள் ஊற்றிக்கொள்கிறோம்' என்ற அன்பான பேச்சுதான் நடந்தது.

என் தவறொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வெகுகாலம் ஒரே சாவிதான். கடைசியாக வருபவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் என் தாயார் கண்ணயர்வார். இந்த வயதில் அவரை ஏன் விழித்திருக்க வைப்பது என்று, நான் ஒரு நாள் ஆளுக்கொரு சாவி செய்து கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். நல்ல ஓய்வு என்று நாங்கள் மகிழ்ந்தோம். பழைய சாவி அவருடைய தலையணைக்கு அடியிலேயே இருந்ததை, அவர் போன பிறகு படுக்கையை எடுத்தபோதுதான் பார்த்தேன்.

ஆகவே பிள்ளைகளிடம் கூடுதல் கவனிப்பைக் கேட்காதீர்கள். ஒரு வேலையைக் கேளுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்யாத வேலையாக அது இருக்க வேண்டும். உங்கள் கை தவறித் தம்ளர் உடைந்தால் உடையட்டும். இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: வேலைக்காகப் புதிய ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது. நான் காணாமற்போனால் சம்பளப் பட்டியல் போடுபவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?
— வயது 26

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் இதைத்தான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். உலகில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாக உலக சுகாதார அமைப்பின் குழு 2025-இல் அறிவித்தது; உங்கள் அலுவலகத்திலேயே இதே கடிதத்தை எழுதக்கூடியவர்கள் சிலர் இருப்பார்கள்.

மனத்துக்கு இசைந்தவரைத் தேடி அலைய வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, நட்பு பெரும்பாலும் அடுத்த கதவோடும் மாடிப்படியோடும் தொடர்புடையதாக இருந்ததைக் காட்டியது; அடிக்கடி எதிர்ப்பட்டவர்களே நண்பர்களானார்கள். ஆகவே ஓரிடத்தையும் ஒரு நேரத்தையும் பிடித்துக்கொண்டு, வாரந்தோறும் அங்கே போங்கள். நூலகமோ விளையாட்டுத் திடலோ பாட்டு வகுப்போ, எதுவானாலும் சரி. முதல் சில வாரங்கள் வெறும் தலையசைப்போடு போகும். வழக்கமாக வரும் ஒருவர் வராத நாளில், அடுத்த முறை அவரைப் பார்த்ததும், சென்ற வாரம் காணோமே என்று நீங்கள் முந்திக்கொண்டு கேட்டுவிடுங்கள்.

ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கணிப்புப்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நெருங்கிய நட்புக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். எட்டு மாதத்தில் ஒன்றும் அமையவில்லை என்பது உங்கள் குறையன்று. முதல் 50 மணி நேரம் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். அப்போது ஒரு கடிதம் போடுங்கள்.