எம்.எட். சேரும் முன்: ஏ பிளஸும் ஆய்வேடும்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு உதவிபெறும் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலைப் படிப்பான இரண்டாண்டு எம்.எட். சேர எண்ணம். கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் 'நாக்' அமைப்பின் ஏ பிளஸ் பெற்ற பல்கலைக்கழகம் அது. அதை நம்பிச் சேரலாமா? படிப்பின் தரத்தை வெளியிலிருந்து எப்படி அறிவது?

ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த ஏ பிளஸ் தரம், பல்கலைக்கழகம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்தது. மற்ற துறைகள் உழைத்து வாங்கிய தரத்தில் கல்வியியல் துறை குளிர்காய்வதும் உண்டு. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பார்க்கலாம் என்றால், பொறியியலுக்கும் சட்டத்துக்கும் இருப்பதுபோல் அதில் கல்வியியலுக்குத் தனிப் பிரிவு கிடையாது. நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போனால் முதலில் நூலகத்துக்குள் நுழையுங்கள். எம்.எட். மாணவர்களின் பழைய ஆய்வேடுகளைக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் 'உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மனப்பான்மையும் கற்றல் அடைவும்' என்ற ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள்தான் இருக்கும். உள்ளே ஒரு வினாநிரல். ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று ஜோடி ஜோடியாகப் பிரித்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் ஒரு 'டி' சோதனை. முடிவில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை'. ஆசிரியர்கள் மாணவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்த ஆண்டுக்கும் ஆயிற்று! அலமாரி முழுக்க இதுவே என்றால் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறதே, அது எந்த யோசனையில் எழுதுகிறது என்று நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டு எழுதிய ஆய்வேடு ஒன்றாவது அகப்படுகிறதா பாருங்கள். அகப்பட்டால், அதற்கு வழிகாட்டியவர் இன்னும் அங்கே பணியில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எனக்கு ஒரு துறையின் மேல் நம்பிக்கை வர அந்த ஓர் ஆசிரியர் போதும்.

ஆனால் விதிக்குப் போதாது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 50 மாணவர்களுக்குப் பத்து ஆசிரியர்கள் வேண்டும். இணையதளத்தில் பத்துப் பெயர்களும் தவறாமல் இருக்கும். கால அட்டவணையில் எத்தனை பெயர் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். களப்பணிக்கு எங்கே அனுப்பினார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள். வேலையில் இருப்பவர் என்பதால் வருகைப்பதிவை 'பார்த்துக்கொள்கிறோம்' என்று அலுவலகத்தில் யாராவது குழைந்தால், எழுந்து வந்துவிடுங்கள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை கட்டாயம்.

எதற்காக எம்.எட். என்று நீங்கள் எழுதவில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு என்றால் கையில் உள்ள எம்.எஸ்சி., பி.எட். போதும். கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதிய உயர்வு என்ற பழைய கணக்கைத் தமிழக அரசு 2020இல் முடித்துவைத்துவிட்டது. பி.எட். கல்லூரியில் கற்பிக்கும் ஆசை என்றால், எம்.எட். முடித்த பிறகு நெட், செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது முனைவர் பட்டம் என்று இன்னொரு படியும் ஏற வேண்டும்.

என்.சி.டி.இ. 2025இல் வெளியிட்ட வரைவில், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பகுதிநேர எம்.எட். ஒன்று பேசப்படுகிறது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விடுப்புக்கு எழுதுங்கள்.