பக்கவாதத்துக்குப் பிறகு மலைப்பாதையில் நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு வலப்பக்கம் வாதம் வந்து 2 மாதம் ஆகிறது. வீட்டுக்குள் கைத்தடியோடு நடக்கிறார். ரோட்டிலிருந்து எங்கள் லைன் வீட்டுக்கு முப்பது படி. எப்படிக் கூட்டிப் போவது? (கோத்தகிரி)

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதம் வந்த கால் முதலில். இதை அப்பா வாயாலேயே சொல்லிக்கொண்டு நடக்கட்டும். ஏன் இப்படி என்றால், ஏறும்போது உடம்பை மேலே தூக்குவதும், இறங்கும்போது மேல்படியில் நின்று முழங்காலை மெல்ல மடக்கி உடம்பைக் கீழே விடுவதும் நல்ல காலாகவே இருக்க வேண்டும். ஏறுவதில் மூச்சு வாங்கும், ஆனால் ஆள் விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். நீங்கள் அவருடைய வலப்பக்கமாக, ஏறும்போது ஒரு படி பின்னால், இறங்கும்போது ஒரு படி முன்னால் நில்லுங்கள். தயவுசெய்து அந்த வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்தும் தூக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும், அப்புறம் அந்த வலியே நடையை முடக்கும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். இன்னொன்று: ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி இருந்தால், ஏறும்போது நல்ல கைக்கு எட்டுவது இறங்கும்போது எட்டாது. முடிந்தால் இரண்டு பக்கமும் ஜி.ஐ. பைப் போட்டுவிடுங்கள், மழை முடிந்ததும் படியில் இருக்கும் பாசியைச் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: மார்கழிக் குளிரில் அம்மாவின் கால் கட்டை மாதிரி விறைக்கிறது. வெந்நீர் ஒத்தடம் தரலாமா? (ஊட்டி)

குளிரில் தசை இறுக்கம் கூடுவது உண்மைதான், அதனால் உறைபனி விழுந்த காலையில் ஆறு மணிக்கே நடக்க வைக்க வேண்டாம், வெயில் வரட்டும். கம்பளி சாக்ஸ் போட்டு, பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கி, கெண்டைக்காலை அரை நிமிடம் நீட்டிப் பிடித்துவிட்டு, அப்புறம் எழுப்புங்கள். ஒத்தடத்தில்தான் எனக்குப் பயம். உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடு தெரியாது. குதிகாலில் கொப்புளம் வந்து மூன்று வாரம் நடையே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு, துணி சுற்றி, பக்கத்திலேயே இருந்து கொடுங்கள்.

கேள்வி: நடக்கும்போது கால்விரல் தரையில் உரசுகிறது. செருப்பு நழுவுகிறது. (குன்னூர்)

ஷூ போட்டு ஒரு வாரம் நடந்த பிறகு திருப்பிப் பாருங்கள், முனை மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் தொங்குகிறது என்று அர்த்தம். மேட்டில் பாதம் இன்னும் அதிகமாக மேலே மடங்க வேண்டும், அதனால்தான் சமதளத்தில் சமாளிப்பவர்கள்கூட இங்கே தடுக்கி விழுகிறார்கள். பாதத்தைத் தாங்கும் பட்டையை அளவெடுத்துப் போடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 8 மாதம் ஆகிவிட்டது. இனி முன்னேற்றம் வராதா?

வரும். முதல் 3 மாதத்தின் வேகம் இருக்காது, அவ்வளவுதான். தினமும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முதலில் 5 முறை, பழகப் பழகக் கூட்டுங்கள். மருத்துவமனைக்குக் கீழே இறங்க முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரவும் ஏற்பாடு இருக்கிறது.