பழங்கால கவுன் போட்டால் கையைத் தூக்க முடியவில்லை. ஆர்ம்ஹோலை இன்னும் வெட்டிப் பெரிதாக்கலாமா?

வெட்டாதீர்கள். மகளின் பள்ளி நாடகத்துக்காக 1830-களின் ஆங்கிலேயப் பெண்மணி போல ஒரு கவுன் தைத்ததாகவும், அவள் கையை உயர்த்தினால் இடுப்பே மேலேறி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக ஒரு சுடிதார் டாப்பையோ நைட்டியையோ அளவுக்கு வைத்து உடம்புப் பகுதியை வெட்டியிருப்பீர்கள். அவற்றில் ஆர்ம்ஹோல், அதாவது உடம்புப் பகுதியில் கையைப் பொருத்தும் வளைவு, தாழ்வாகத்தான் இருக்கும். உடம்பு தொளதொளவென்று இருப்பதால் அது உறுத்தாது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கவுனில் அது ஆகாது. கை உயரும்போது அக்குளிலிருந்து இடுப்பு வரையுள்ள பக்கம்தான் நீள வேண்டும். ஆர்ம்ஹோலைத் தாழ்த்தத் தாழ்த்த அந்தப் பக்கத் தையல் குறுகிக்கொண்டே போகும். பிறகு கையோடு சேர்ந்து கவுனும்தான் எழும்பும்.

நான் குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் சேலை பிளவுஸ்தான் தைக்கிறேன். பிளவுஸ் தைப்பவளுக்கு வெள்ளைக்காரர் காலத்து உடுப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அக்குளை ஒட்டி உயரமாக ஆர்ம்ஹோல் வெட்டுவதும், உடம்பை இறுக்கியபடியே கையை ஆடவிடுவதும் பிளவுஸ் தைப்பவர்களின் அன்றாட வேலை. பழைய ஐரோப்பிய உடுப்புகளிலும் ஆர்ம்ஹோல் சிறியது, அக்குளை ஒட்டியது. அதனால் இந்த வேலைக்கு ஃபிராக் தைப்பவர்களைவிட நாங்களே பொருத்தமானவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உதகைக்கு இருநூறு ஆண்டு நிறைவதைக் கொண்டாடிய சமயத்தில், அந்த நகரை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனைப் பற்றி இங்குள்ள ஒரு பள்ளியில் நாடகம் போட்டார்கள். அவருடைய மனைவி ஹென்ரியெட்டாவாக ஒரு சிறுமி நடித்தாள்; உதகை செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்தான் அந்த அம்மையார். அந்த ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பெண்களின் கவுனில் கை மிகப் பெரிதாகப் புடைத்திருந்தது. 'லெக் ஆஃப் மட்டன்' கை என்பார்களே, அதுதான். 1836 வாக்கில் அந்தப் புடைப்பு வடிந்துபோய், 1890-களின் நடுவில் மறுபடியும் வந்தது.

வேறு எங்கோ தைத்து முடித்த கவுன் என்னிடம் ஆல்ட்டருக்கு வந்தது. மலையைச் சுட்டிக்காட்டி வசனம் பேச வேண்டிய இடத்தில் அந்தக் குழந்தை முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினாள். சற்றுத் தூக்கினாலும் உள்பாவாடை நாடா வெளியே தெரிந்தது. "அக்கா, அக்குள்ல இன்னும் ஒரு இன்ச் வெட்டிவிட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றார் பொறுப்பு ஆசிரியை. நான் மறுத்துவிட்டேன்.

ஆர்ம்ஹோலின் கீழ்ப்பாதித் தையலை மட்டும் பிரித்தேன். கவுனின் அடிமடிப்பில் இருந்த மிச்சத் துணியில் பிறை வடிவமாக வெட்டி உடம்புப் பகுதியின் அக்குளில் சேர்த்து, ஆர்ம்ஹோலை ஓர் அங்குலம் உயர்த்தினேன். அதே அளவு பிறைத் துண்டைக் கையின் அடிப்பக்கத்திலும் சேர்த்தேன்; இதை விட்டுவிட்டால் முதலில் செய்தது வீண். ஆர்ம்ஹோல் சிறிதானதால் மிஞ்சிய கைத்துணி மேலே சுருக்கத்தில் அடங்கிவிட்டது. ஒட்டுப்போட்ட தையல் அக்குளுக்குள் மறைந்துவிட்டது.

1830-களின் உடுப்பில் தோள் தையல் மூட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, அந்தக் காலப் பெண்களாலேயே கையை முழுதாகத் தூக்க முடியாது என்று இங்கே ஒருவர் வாதிடக்கூடும். அது உண்மைதான். தலைக்கு மேலே தூக்க நானும் வழி சொல்லவில்லை. தோளின் உயரத்துக்குத் தூக்கினால் மேடைக்குப் போதும். அதற்காகத் தோளை அரை அங்குலம் உள்ளே இழுத்ததில் கவுனின் தோற்றம் கெட்டுவிடவில்லை.

இனி உங்கள் கவுனுக்கு வருகிறேன். வெளியே தெரியும் பெரிய கையை முதலில் தொடாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய ஒரு லைனிங் கையைக் காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, மகளுக்கு அணிவித்துப் பாருங்கள். அது சரியாக உட்கார்ந்துவிட்டால் மேல்கையைச் சுருக்கி அதன்மேல் ஏற்றுவது எளிது. அந்தக் காலத்தில் புடைப்பு தொங்கிவிடாமல் இருக்க, இறகு நிரப்பிய சிறு தலையணைகளை உள்ளே கட்டினார்கள். நான் இலவம்பஞ்சு வைத்தேன்.

கையின் உச்சிக் குறியைத் தோள் தையலோடு சேர்க்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். இந்த உடுப்பில் அது நம்மை ஏமாற்றிவிடும், ஏனென்றால் தோள் தையல் தோளின் மேட்டில் இல்லாமல் முதுகுப்பக்கம் சரிந்திருக்கும். குறியை மறந்துவிட்டு, மகள் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நிற்கும்போது துணியின் நெடுக்கு நூல் நேராக இறங்கும் வரை கையை முன்னும் பின்னும் கால் அங்குலம் கால் அங்குலமாக நகர்த்திக் குண்டூசி குத்துங்கள். சாய்வாக விழும் சுருக்கம் போய்விடும். நீளத்தை முழங்கையை மடக்கிய நிலையில் அளந்துகொள்ளுங்கள்.

நம் மலை ஊர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. டிரையல் நண்பகல் வெயிலில் நடக்கும். நாடகம் குளிர் இறங்கிய பிறகு நடக்கும். அம்மாமார்கள் உள்ளே கம்பளி பனியனைப் போட்டுவிடுவார்கள், அதில் தவறேதும் இல்லை. ஆனால் அதைப் போட்டபடியே புஜத்தை அளந்திருக்க வேண்டும்.

ஆல்ட்டர் என்றால் கூலி கேட்கக்கூடாத வேலை என்று எண்ணுபவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. புதிதாகத் தைப்பதைவிட, பிறர் தைத்ததைத் துணி கிழியாமல் பிரித்து ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பதற்குக் கண்ணும் பொறுமையும் அதிகம் வேண்டும். ஒரு மாலை நேர நாடகத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள், கையை அசைக்க முடியாமல் மேடையில் நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை.

மகள் கையை உயர்த்தியிருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறைத் துண்டை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.